பந்தல் நிறையப் பூ, காய் மட்டும் இல்லை

கேள்வியின் சுருக்கம்: மொரிஷியஸின் மேட்டுநிலத்தில், வாக்வாவில், வீட்டுக்குப் பின்னால் ஒரே பந்தலில் பரங்கி, பீர்க்கு, புடல், பாகல் நான்கையும் ஏற்றியிருக்கிறார்கள். கொடி தழதழவென்று இருக்கிறது. பரங்கியில் இரண்டு வாரமாகப் பூ விரிந்து உதிர்கிறது, பிஞ்சே கண்ணில் படவில்லை. பீர்க்கிலும் புடலிலும் விரல் நீளப் பிஞ்சு தோன்றி, மஞ்சளாகி விழுகிறது. பாகல் மட்டும் காய்க்கிறது. காலை ஒன்பது மணிக்குத் தூரிகையால் எல்லாப் பூவையும் தொட்டு விட்டும் பலன் இல்லை. உரம் போதவில்லையா, மருந்து அடிக்க வேண்டுமா?

உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். பரங்கியில் நடப்பது ஒன்று, பீர்க்கிலும் புடலிலும் நடப்பது வேறு. முதலாவதற்குப் பொறுமை போதும். இரண்டாவதற்கு நீங்கள் பந்தலுக்குப் போகும் நேரத்தை மாற்ற வேண்டும்.

பரங்கியை முதலில் பார்ப்போம். இந்தக் குடும்பத்துக் கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டும் ஒரே கொடியில் வெவ்வேறு கணுக்களில் வரும். பெண்பூவை அடையாளம் காண விரியும்வரை காத்திருக்க வேண்டாம். இதழுக்குக் கீழே, காம்பு சேரும் இடத்தில், பரங்கி என்றால் கோலிக்குண்டு போலவும் பீர்க்கு என்றால் வரி விழுந்த குச்சி போலவும் ஒரு குட்டிப் பிஞ்சு இருக்கும். அதுதான் சூலகம். ஆண்பூவில் அது கிடையாது, வெறும் நீளக் காம்புதான். உங்கள் பரங்கியில் இப்போது விரிந்து உதிர்பவை அத்தனையும் ஆண்பூ. அவை உதிரத்தான் வேண்டும், நோய் எதுவும் இல்லை. பரங்கிக் கொடி முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண்பூவை மட்டுமே விட்டு, பெரும்பாலும் பத்துக் கணுவுக்கு மேல் படர்ந்த பிறகே பெண்பூவைக் காட்டும்.

ஒரு கணுவில் ஆணா பெண்ணா என்பது மொட்டு கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே, கொடியின் நுனிக்குள் முடிவாகிவிடுகிறது. தொடக்கத்தில் மொட்டுக்குள் இரண்டு உறுப்புகளின் தடமும் இருக்கும். பிறகு ஒன்று வளர, மற்றது நின்றுவிடும். செடிக்குள் சுரக்கும் எத்திலீன் பெண் பக்கம் தள்ளும், ஜிப்ரலின் ஆண் பக்கம் தள்ளும். நீண்ட பகல், சூடான இரவு, மிகையான தழைச்சத்து (நைட்ரஜன்) மூன்றும் ஆண்பூவைக் கூட்டும். குறுகிய பகலும் குளிர்ந்த இரவும் பெண்பூவைக் கூட்டும். மொரிஷியஸ் தெற்கே 20 பாகையில் இருப்பதால் ஜூனில் பகல் 11 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, டிசம்பரில் 13 மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் வடக்கே திரியோலேயில் உள்ள கொடியும் வாக்வாவில் உள்ள கொடியும் ஒரே பகல் நீளத்தைத்தான் பார்க்கின்றன. ஆனால் வடக்குக் கரையில் இரவும் சூடு, மேட்டுநிலத்தில் இரவு தணிவு. அதனால் பெண்பூ விஷயத்தில் வாக்வாக்காரர்களுக்குக் கொஞ்சம் சாதகம்தான்.

அந்தச் சாதகத்தைக் கெடுப்பது கோழி எரு. பச்சைக் கோழி எருவை வாரம் ஒரு கை போட்டால் இலை குடை அளவுக்கு வரும், கொடி கூரை ஏறும், பெண்பூ தள்ளிப் போகும். நடும்போதே 45 செ.மீ. அகலமும் அதே ஆழமும் உள்ள குழியில் நன்கு மக்கிய எரு 8 முதல் 10 கிலோ கலந்துவிட்டால் பூக்கும்வரை தழைச்சத்து தனியாகத் தேவையில்லை. பூ தொடங்கியதும் குழியைச் சுற்றி இரண்டு கை விறகுச் சாம்பல் போடலாம். மழை அதிகமான மேட்டுநில மண் புளிப்பாக இருக்கும். சாம்பல் அதையும் கொஞ்சம் தணிக்கும், சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) தரும். பெண்பூவைக் கூட்ட எத்திலீன் தரும் மருந்தை நாற்றுப் பருவத்தில் தெளிக்கும் வழக்கம் வணிகப் பண்ணைகளில் உண்டு. வீட்டுப் பந்தலுக்கு அது அநாவசியம் என்பது என் கருத்து. அளவு தப்பினால் கொடி குட்டையாகிவிடும். பூத்த பிறகு தெளிப்பதிலும் பலன் குறைவு, ஏனென்றால் அடுத்த பல கணுக்களின் முடிவு அதற்குள் எடுக்கப்பட்டிருக்கும்.

அதைவிட நல்ல வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. பிரேட் ஜிரோமோன் (பரங்கிக் கீரை) கடைவதற்கு நுனி கிள்ளுகிறோம் அல்லவா, அதை முறையாகச் செய்தால் போதும். தலைக்கொடி எட்டுப் பத்து இலை விட்டதும் நுனியை ஒரு முறை கிள்ளுங்கள். நுனி போனதும் கணுக்களில் உறங்கும் பக்கக்கொடிகள் கிளம்பும். சுரையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: தலைக்கொடியில் ஆண்பூ மலிந்திருக்க, பக்கக்கொடியில் பெண்பூ சீக்கிரம் வரும். ஆனால் வாரா வாரம் எல்லாக் கொடியிலும் நுனி பறித்தால் அந்தக் கொடி கீரைக்கொடிதான், காய்க்கொடி அல்ல. பந்தலில் ஒன்றைக் கீரைக்கென்று தனியாக விடுவது நல்லது. ஆண்பூவையும் பஜ்ஜிக்குப் பறிக்கலாம். ஆனால் பெண்மொட்டு தெரிந்த நாளிலிருந்து தினம் நாலைந்து ஆண்பூவாவது கொடியில் மிச்சம் இருக்கட்டும்.

இனி பீர்க்கும் புடலும். இவற்றில் பெண்பூ வந்துவிட்டது, பிஞ்சும் தெரிகிறது, ஆனால் அது காயாவதில்லை. ஏன் என்று புரிய, பூவுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்பூவின் மகரந்தத் துகள் பெண்பூவின் நடுவில் இருக்கும் பிசுபிசுப்பான சூல்முடியில் ஒட்டினால், அது அங்கேயே முளைக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, சூல்தண்டின் உள்ளே ஊடுருவி, சூலகத்தில் இருக்கும் சூல்களைத் தேடிப் போகும். ஒரு சூலுக்கு ஒரு குழாய். குழாய்க்குள் இரண்டு ஆண் உயிரணுக்கள் இருக்கும். ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகும். மற்றது நடுவில் இருக்கும் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து கருவுக்கு உணவூட்டும் முளைசூழ்தசையாகும். பூக்கும் தாவரங்களுக்கே உரிய இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின் கண்டறிந்தார். பரங்கி, பீர்க்கு வகைகளில் விதை முற்றுவதற்குள் அந்த உணவை இரண்டு விதையிலைகளும் உறிஞ்சிக்கொள்ளும். பரங்கி விதையை உடைத்தால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பு அந்த விதையிலைகள்தான்.

கருவுற்ற விதைகள் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளை விடுகின்றன. இலைகள் சமைத்த சர்க்கரையைப் பிஞ்சின் பக்கம் இழுப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. விதை உருவாகாத பிஞ்சுக்குச் செடி உணவு அனுப்பாது. காம்பின் அடியில் ஒரு பிரிவடுக்கு உண்டாகி, மூன்று நான்கு நாளில் பிஞ்சு மஞ்சளாகி விழும். உங்கள் பீர்க்கில் நடப்பது இதுவே. பாதிக் கருவுற்றால் காய் விழாது, ஆனால் கோணும். பரங்கிச் சூலகத்தில் மூன்று அறைகள், சூல்முடியிலும் மூன்று மடல்கள். ஒரு மடலில் மட்டும் மகரந்தம் விழுந்தால் விதை ஒரு பக்கம் குறைந்து, காய் அந்தப் பக்கம் சூம்பிப் போகும். வெள்ளரி நுனி சுருங்கி மூக்கு வைத்துக்கொள்வதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு நல்ல பரங்கியில் 200, 300 விதை இருக்கும். அத்தனைக்கும் குறைந்தது அத்தனை துகள் வேண்டும், நடைமுறையில் அதைவிட அதிகமாகவே வேண்டும். ஒரு தடவை தூரிகையால் தொட்டுவிட்டுப் போவது போதாது.

ஆனால் உங்கள் பந்தலில் உண்மையான சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. பரங்கிப் பூ விடியலில் விரியும், முற்பகலிலேயே சுருங்கிவிடும். மகரந்தத்தின் வீரியமும் நேரம் போகப் போகக் குறையும். கடற்கரை வெயிலில் ஒன்பது மணிக்கே இதழ் மூடத் தொடங்கும், வாக்வாவில் மேகமூட்டம் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். பாகலும் காலைப் பூ. விடிந்ததும் விரிந்து முற்பகல் முழுக்கத் திறந்திருக்கும், தேனீ வரும் நேரமும் அதுவே. அதனால்தான் நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே பாகல் காய்க்கிறது. பீர்க்கு அப்படியில்லை. பொழுது சாயும்போது, ஐந்து மணிக்கு மேல், மஞ்சளாக விரியும். சுரையின் வெள்ளைப் பூவும் மாலையில்தான். புடல் இன்னும் தாமதம்: இருட்டத் தொடங்கியதும் ஓரமெல்லாம் நூல் பிரிந்த வெள்ளைப் பூ விரிந்து, வெயில் ஏறும்முன் சுருண்டுவிடும். வெள்ளை நிறமும் இரவில் வரும் மணமும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. நீங்கள் ஒன்பது மணிக்குத் தூரிகை எடுத்துப் போகும்போது புடலில் கதை முடிந்திருக்கும், பீர்க்கில் நேற்றைய வாடல்தான் இருக்கும். பரங்கியில் பெண்பூ இன்னும் வரவே இல்லை.

(மெழுகுப் பீர்க்கு என்று சிலர் சொல்லும் வரியில்லாத நுரைப் பீர்க்கு காலையில் பூக்கும். விதை வாங்கிய இடத்தில் எது கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

கையால் மகரந்தம் சேர்க்கும் முறை இது. முந்தின நாள் மாலையிலேயே மறுநாள் விரியப்போகும் பரங்கி மொட்டு தெரிந்துவிடும். பச்சை மாறி நுனி ஆரஞ்சு மஞ்சளாகியிருக்கும். ஆண் இரண்டு, பெண் ஒன்று என்று குறித்து வையுங்கள். மழை வரும்போல் இருந்தால் மொட்டின் நுனியை நூலால் தளர்வாகக் கட்டுங்கள். தண்ணீர் பட்டால் மகரந்தத் துகள் ஈரம் குடித்து வெடித்துவிடும். மேட்டுநிலத்தில் காலைத் தூறலில் பாதிப் பூ வீணாவது இப்படித்தான். ஆறிலிருந்து எட்டு மணிக்குள் ஆண்பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை உரித்து எறியுங்கள். நடுவில் மஞ்சள் பொடி பூசிய தண்டு மட்டும் மிஞ்சும். அதைப் பெண்பூவின் மூன்று மடலிலும் சுற்றிச் சுற்றித் தடவுங்கள். இரண்டாவது ஆண்பூவாலும் ஒரு முறை. பிறகு பெண்பூவின் இதழை மூடி மறுபடி நூல் கட்டிவிட்டால் மழையும் உள்ளே போகாது. பரங்கிக்குத் தூரிகையே வேண்டாம். அதன் மகரந்தம் பெரியது, பசையுள்ளது, தூரிகை மயிரில் பாதி தங்கிவிடும்.

பீர்க்குக்கு மாலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி. ஆண்பூ கொத்தாக வரும், ஆனால் ஒரு கொத்தில் ஒரு மாலைக்கு ஒன்றிரண்டுதான் விரியும். பெண்பூ தனியாக நிற்கும், சில சமயம் அதே கணுவிலேயே. புடலும் அப்படித்தான், ஆண் கொத்து, பெண் தனி. புடலுக்கு இருட்டிய பிறகு கைவிளக்கோடு போங்கள், இல்லையென்றால் சூரியன் எழும்முன். இதழ் மெல்லியது என்பதால் இங்கே சின்னத் தூரிகை உதவும். ஒரு கொடிக்கு ஒரு தூரிகை வைத்துக்கொள்ளுங்கள். பரங்கிப் பொடி ஒட்டிய தூரிகையால் புடலைத் தொட்டால் சூல்முடியில் இடத்தை அடைப்பதைத் தவிர வேறு பயன் இல்லை. பந்தலை ஒட்டி இரவெல்லாம் எரியும் விளக்கு இருந்தால் அணைத்து வைத்துப் பாருங்கள். அந்து பூவை விட்டு விளக்கைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

தேனீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொரிஷியஸில் 2014இல் தேனீயைத் தாக்கும் வரோவா உண்ணி நுழைந்த பிறகு பல கூடுகள் அழிந்தன. முன்பு தானாகக் காய்த்த பந்தல் இப்போது காய்க்கவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். மாலையில் அடித்தால் தேனீக்கு ஆபத்தில்லை என்று வழக்கமாகச் சொல்வார்கள். தனிப் பரங்கித் தோட்டத்துக்கு அது சரி. உங்கள் பந்தலில் மாலையில் பீர்க்கு விரிந்திருக்கும், இரவில் புடல், காலையில் பரங்கியும் பாகலும். அங்கே பாதுகாப்பான நேரமென்று ஒன்று கிடையாது.

மகரந்தம் சேர்த்தும் பிஞ்சு விழுந்தால் அதைக் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது கருவுறாத குறை அல்ல, பழ ஈ. இங்கே இந்தக் குடும்பத்துக் காய்களைத் தாக்கும் ஈக்களில் பெரிய எதிரி பரங்கி ஈ. பெண் ஈ இளம்பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். குத்திய இடத்தில் பிசின் போல ஒரு துளி உறைந்திருக்கும், பிஞ்சு அந்தப் பக்கம் வளையும். பூ வாடி இரண்டாவது மூன்றாவது நாளே பிஞ்சைச் செய்தித்தாள் பையாலோ பழைய துணியாலோ மூடிக் கட்டுவதுதான் வீட்டுக்கு ஏற்ற வழி. அதற்கு முன்னால் மூடினால் அந்தும் தேனீயும் உள்ளே வர முடியாது, பின்னால் மூடினால் முட்டையும் சேர்ந்து உள்ளே இருக்கும். விழுந்த பிஞ்சை எருக்குழியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை ஈயாக வெளியே வரும். இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டு நல்ல வெயிலில் சில நாள் வையுங்கள்.

பிஞ்சில் புழுவும் இல்லை, மகரந்தமும் சரியாகச் சேர்ந்தது, ஆனாலும் விழுகிறது என்றால் கொடியில் ஏற்கெனவே எத்தனை காய் இருக்கிறது என்று எண்ணுங்கள். பரங்கியில் இரண்டு பெரிய காய் பருத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது பெண்பூவைக் கொடி தானே கைவிடும். பீர்க்கு, புடல், பாகலைப் பிஞ்சாகவே பறிக்கப் பறிக்க அடுத்தது வரும். ஒன்றை முற்ற விட்டால் மற்றவை நிற்கும். சேர்க்கை நடந்து பத்துப் பன்னிரண்டு நாளில் பீர்க்கைப் பறித்துவிடுங்கள், பாகல் இரண்டு வாரம். புடல் நுனியில் சின்னக் கல் கட்டுவது நேராக வளரத்தான், காய் பிடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

பரங்கி நன்றாக முற்ற, சேர்க்கை நாளிலிருந்து 40 முதல் 50 நாள் ஆகும். விதைத்ததிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 100 நாள். தைப்பூசக் காவடிக்கு ஏழுகறியில் சொந்தக் கொடிப் பரங்கி வேண்டும் என்று நினைப்பவர்கள் அக்டோபர் முதல் பாதிக்குள் விதைத்திருக்க வேண்டும். அப்போது வாக்வாவிலும் கியூர்பிப்பிலும் இரவு இன்னும் குளிரும், விதை முளைக்க 25 முதல் 30 பாகை சூடு வேண்டும். சட்டியில், வீட்டுக்குள், ஜன்னலோரம் முளைக்கவைத்து இரண்டு இலையானதும் குழிக்கு மாற்றுங்கள். வேர் உடைந்தால் இந்தக் கொடிகள் எளிதில் தேறாது, மண்கட்டியோடு மாற்ற வேண்டும். விதையை 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து ஊன்றுங்கள். முளைக்கும்போது தண்டும் வேரும் சேரும் இடத்தில், கீழ்ப்புறமாக, ஒரு சிறு முளை போன்ற புடைப்பு எழும். அது விதையோட்டின் அடிப்பாதியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, விதையிலை ஓட்டிலிருந்து நழுவி மேலே வரும். மண் காய்ந்தோ, ஆழம் குறைந்தோ இருந்தால் ஓடு கழலாமல் இலையின் தலையில் தொப்பியாக மாட்டிக்கொள்ளும். ஈரத் துணி சுற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கழற்றலாம், இழுக்கக்கூடாது.

அடுத்த ஆண்டுக்கு விதை எடுப்பதானால், பக்கத்தில் பாகல் இருந்தால் சுரை கசக்கும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். பாகலும் சுரையும் கலக்கவே கலக்காது. ஒரே இனத்தின் இரண்டு வகைதான் கலக்கும்: உங்கள் ஜிரோமோனும் (பரங்கி) பக்கத்து வீட்டு ஜிரோமோனும். அப்படிக் கலந்தாலும் இந்த ஆண்டுக் காயின் சதை மாறாது, அது தாய்க்கொடியின் சதை. மாற்றம் விதைக்குள் இருக்கும், அடுத்த தலைமுறையில் தெரியும். கலப்பு வேண்டாமென்றால் முந்தின நாள் மாலையே ஆண், பெண் இரண்டு மொட்டையும் நூலால் கட்டி, காலையில் நீங்களே சேர்த்து, மறுபடி கட்டி, காம்பில் துணிக்கிழிசல் ஒன்றை அடையாளத்துக்கு முடிந்துவிடுங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து வைப்பதில் பயனில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும். சுரைக்காய் கசந்தால், எந்தக் காரணத்தால் கசந்தாலும், ஒரு வாய்கூட உண்ணாமல் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

பரங்கியைப் பறித்த பிறகும் மூன்று வாரம் வீட்டில் வைத்திருந்து வெட்டினால் விதை நன்றாகத் திரண்டிருக்கும். பாகல் விதையைக் காய் ஆரஞ்சாகி வெடிக்கும் தறுவாயில் எடுத்து, மேலே ஒட்டிய சிவப்புச் சதையைக் கழுவிவிட வேண்டும். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து குலுக்கினால் சத்தம் வரும்வரை விட வேண்டும். பீர்க்கின் நுனியில் இருக்கும் சின்ன மூடி தானே கழன்று விதை கொட்டும். விதையை நிழலில் உலர்த்தி, வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடியும் பதம் வந்த பிறகே போத்தலில் அடையுங்கள். புயல் மாதங்களின் ஈரக்காற்றில் திறந்து வைத்த விதை ஒரே பருவத்தில் பூஞ்சை பிடிக்கும். மூடியிறுக்கி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் மூன்று நான்கு ஆண்டு முளைக்கும். சுசு (சௌசௌ) மட்டும் இதற்கெல்லாம் விலக்கு. காய்க்கு ஒரே விதை, அது காய்க்குள்ளேயே முளைக்கும், உலர்த்தினால் செத்துவிடும். முளை எட்டிப் பார்க்கும் முழுக் காயையே பாதி மண்ணுக்குள் சாய்த்து நட வேண்டும்.